ஜட்ஜய்யா நின்ன பலகை

நாடகத்துல ஒரு ஆளை எப்படித் தூக்குல போடறாங்கன்னு முதல்ல சொல்லிடறேன். அது தெரியாம இந்த மனுஷனோட கதை புரியாது.

மேடைக்கு நடுவுல பலகையை அறுத்து ஒரு கதவு வெச்சிருப்பாங்க. கீழ்ப்பக்கமா திறக்கிற கதவு. அது மேல கைதி நிப்பான். உத்தரத்துலேர்ந்து கயிறு தொங்கும். கழுத்துல மாட்டற சுருக்கு ஜனம் பார்க்கறதுக்கு மட்டும்தான். உசுரைத் தாங்கறது வேற. கைதியோட சட்டைக்குள்ள தோள்லேர்ந்து இடுப்பு வரைக்கும் ஒரு தோல் பெல்ட் இறுக்கியிருக்கும், முதுகுல ஒரு வளையம் இருக்கும். ஜெயிலர் வேஷக்காரர் கைதிக்கு ஆறுதல் சொல்ற மாதிரி பின்னாடி போயி, மேலேர்ந்து வர்ற கம்பியோட கொக்கியை அந்த வளையத்துல மாட்டுவாரு. அவர் மாட்டி முடிக்கிற வரைக்கும் ஜட்ஜ் தீர்ப்பைப் படிச்சிட்டே இருக்கணும். தீர்ப்போட கடைசி வார்த்தை, "நிறைவேற்றுங்கள்!" அது காதுல விழுந்ததும், மேடைக்கு அடியில இருட்டுல குந்தியிருக்கிற மேஸ்திரி நெம்புகோலை இழுப்பாரு. கதவு திறக்கும், கைதி கம்பியில தொங்குவான், விளக்கு அணையும். ஜனம் அழும்.

ஜட்ஜே தூக்குமேடைக்கு வந்து தீர்ப்பு படிக்கிறது எந்த ஊரு கோர்ட்டுலயும் கிடையாது. எழுதினவரைக் கேட்டா, "டிக்கெட் வாங்கினவன் எவனாவது இதைக் கேட்டானா?"ம்பாரு.

அடியில இருக்கிற மேஸ்திரிக்குக் கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. காது ஒண்ணுதான். நான் அப்ப நாடகக்காரங்க சங்கத்துல செயலாளரா இருந்தேன். கீழே ஒரு பல்பு வைங்க, கொக்கி மாட்டினதும் ஜெயிலர் ஸ்விட்சைத் தட்டட்டும், பல்பைப் பார்த்து மேஸ்திரி இழுக்கட்டும்னு கம்பெனி முதலாளிகிட்ட கேட்டோம்.

"வார்த்தை இருக்கிறப்ப பல்பு எதுக்குய்யா?"ன்னாரு.

"வார்த்தை தப்பிட்டா?"

"என் கம்பெனியில வார்த்தை தப்பாது."

அதோட பேச்சு முடிஞ்சிது. முதலாளிமாருக்கு ஒயரு, பல்புன்னா எப்பவும் பெரிய செலவு. அடுத்தவன் கழுத்து எப்பவும் சின்ன விஷயம்.

சரி, இப்ப ஆளைப் பத்திச் சொல்றேன்.

சொந்தப் பேரு அவருக்கே பாதி மறந்துபோச்சு, ஊரு மொத்தம் ஜட்ஜய்யான்னுதான் கூப்பிட்டுது. அப்பா சாயப் பட்டறையில கொப்பரைக்குத் தீ போட்டவரு. இவரு பஞ்சாலை வாசல்ல ஷிஃப்டு மாறும்போது பேர் கூப்பிடற வேலை பார்த்தாரு. உள்ள தறி ஓடற சத்தத்தையும் தாண்டி அந்தக் குரல் கடைசி வரிசைக்குப் போகும். அந்தக் குரலுக்காகத்தான் நாடகக் கம்பெனியில சேர்த்தாங்க. சேர்த்துட்டு முதல்ல கொடுத்த வேஷம் பிணம். மூணாம் காட்சியில பிணம் தும்மிடுச்சு. "செத்தவன் தும்மினா இங்க சோறு கிடையாது"ன்னு பழைய முதலாளி கத்தினாரு. "தும்மற அளவுக்குத் தூசி இருந்தா செத்தவனும் எழுந்திருப்பான், மேடையைப் பெருக்கச் சொல்லுங்க"ன்னு இவரு படுத்துக்கிட்டே பதில் சொல்லியிருக்காரு. எனக்கு அவரைப் பிடிச்சது அங்கதான்.

அப்புறம் ஒரு சிரிப்பு நாடகத்துல கஞ்சன் மாமனார் வேஷம் கிடைச்சுது. அதுல ஒரு இடம். மாமனார் யாருக்கோ பெரிசா உபதேசம் பண்ணிட்டிருப்பாரு. திரைக்குப் பின்னாடியிருந்து மருமக குரல் மட்டும் வரும்: "மாமா! உங்க செருப்பை நாய் தூக்கிட்டு ஓடுது!" உடனே இவரு தலையில இருக்கிற தொப்பியைப் பிடுங்கி வீசிட்டு, "அடப்பாவி, புதுச் செருப்பு!"ன்னு விழுந்தடிச்சு ஓடுவாரு. கொட்டகை அதிரும். எத்தனை ஊரு, எத்தனை தடவை! அந்தக் குரல் வந்ததும் அவர் கை தானா தொப்பிக்குப் போகும்.

அந்தக் குரல் யாரோடதுன்னா, பக்கத்துத் திரை மறைவுல புத்தகத்தை வெச்சுக்கிட்டு வசனம் எடுத்துக் கொடுக்கிற பொண்ணோடது. கம்பெனி டெய்லரோட மக. அவ வேலையே ஜனத்துக்குக் கேக்காம பேசறது. வாழ்நாள்லயே கொட்டகைக்குக் கேக்கிற மாதிரி அவ சொன்னது அந்த ஒரு வரிதான். அவளையே இவரு கட்டிக்கிட்டாரு. "கல்யாணத்துக்கு முன்னாடி அவ சொன்னதை நான் திருப்பிச் சொல்லிட்டிருந்தேன். அப்புறமும் அதேதான்"ன்னு சொல்லிச் சிரிப்பாரு. நான் அண்ணின்னு கூப்பிடறது அவங்களைத்தான்.

அதுக்கப்புறம்தான் தூக்கு நாடகம் வந்துது. அதுல இவரு கைதி. கதவு மேல நின்னு, கழுத்துல சுருக்கோட, ஒரு நீளமான பேச்சு பேசுவாரு. "நான் ஏறி நிற்கும் இந்தப் பலகையை அறுத்தவனும் என்னைப் போல ஒரு கூலிக்காரன்தான்"னு ஆரம்பிக்கும். பஞ்சாலைக்காரங்க வேலை முடிச்சு பஞ்சோட பஞ்சா வந்து உட்கார்ந்து அதைக் கேட்டுட்டு அழுவாங்க. நானும் அழுதிருக்கேன். அதைப் பார்த்துட்டுத்தான் சினிமாக்காரங்க இவரைக் கூட்டிட்டுப் போனாங்க.

சினிமாவுல இவருக்குத் தூக்கு கிடைக்கலை. தூக்கு போடற வேலைதான் கிடைச்சுது. முதல் நாளே சத்தம் பிடிக்கிறவர் காதுல மாட்டியிருந்ததைக் கழட்டி எறிஞ்சாராம். "அண்ணே, மைக் உங்க மூக்குக்கு நேரா இருக்கு. கடைசி வரிசைக்காரன் இன்னும் வரலை!" குரல் அப்படி, தலையும் சீக்கிரம் நரைச்சிடுச்சு. ஜட்ஜ் நாற்காலியில உட்கார வெச்சுட்டாங்க. படத்துக்குப் படம் ஹீரோ மாறினான், கொலை மாறுச்சு, ஜட்ஜ் மட்டும் மாறலை. அதே கறுப்பு அங்கி, அதே மேஜை. மேஜைக்கு ஒரு கால் ஆட்டம். அட்டை மடிச்சு வெச்சிருப்பாங்க. வருஷக்கணக்கா அந்த மேஜையில உட்கார்ந்து மனுஷங்களை அனுப்பி வெச்சாரு. பஸ்ல கண்டக்டர், "யுவர் ஆனர், சில்லறை இல்லைன்னா இறங்கிக்கங்க, இதுவே தீர்ப்பு"ம்பான்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பொம்பளை அவர் வீட்டு வாசல்ல வந்து உட்கார்ந்துட்டா. மகன் ஜெயில்ல இருக்கான். எவனோ வெளங்காதவன் இந்த வீட்டைக் காட்டி, ஜட்ஜ் வீடு இதுதான்னு அனுப்பியிருக்கான். கால்ல விழுந்தா. "என் புள்ளையை விட்டுடுங்க சாமி." நான் அங்கதான் இருந்தேன், சந்தா விஷயமா போயிருந்தேன். நான் நடிகன்மா, எழுந்திருன்னு சொல்வாருன்னு பார்த்தேன். இவரு நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்தாரு. கேஸு விவரம் கேட்டாரு. ஒவ்வொண்ணா, பொறுமையா கேட்டாரு. கடைசியில, "வழக்கை மறுபடி பார்க்கிறேன். போய் வாருங்கள்"னாரு. அவ கும்பிட்டுட்டு, சிரிச்சிக்கிட்டே போனா.

அண்ணிக்குக் கோவம். "எதுக்குங்க இப்படி? அவ நாளைக்கு மறுபடி வருவாளே!"

"யாரு?"ன்னாரு.

"இப்ப வந்தவ."

"அவ மகன் கேஸை இன்னும் முடிக்கலையேம்மா. வரத்தானே வேணும்."

விளையாடறாருன்னு நான் சிரிச்சேன். அண்ணி சிரிக்கலை. அவர் முகத்தையே பார்த்துட்டு நின்னாங்க.

மறதி அப்படித்தான் உள்ள வந்துது, ஜட்ஜு வேஷம் போட்டுக்கிட்டு. மத்த வீடா இருந்தா சீக்கிரம் பிடிச்சிருப்பாங்க. புருஷன் ஒரு மாதிரி பேசறாரேன்னு டாக்டர்கிட்ட ஓடியிருப்பாங்க. இது நாடகக்காரங்க வீடு. ஒரு ஆளு வார்த்தை இல்லாம நின்னா, பக்கத்துல இருக்கிறவன் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பான். அதுதான் அவங்க படிச்ச படிப்பு. சாப்பிட்டுக்கிட்டே இருக்கிறப்ப இவரு கையை நிறுத்திட்டு அண்ணியைப் பார்த்து, "உன் மீதுள்ள குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?"ன்னு கேப்பாரு. அண்ணி சட்டுனு, "ஒப்புக்கொள்கிறேன் பிரபு"ன்னு அந்த வசனத்துக்கு நாடகத்துல வர்ற பதிலைச் சொல்லி, தண்ணியை நகர்த்தி வைப்பாங்க. இவரு திருப்தியா குடிப்பாரு. வண்டி ஓடிச்சு.

சினிமா வாய்ப்பு குறைஞ்சு மறுபடி கம்பெனிக்கு வந்தப்பவும் அதேதான். போன வருஷ நாடகத்து வசனத்தை இந்த வருஷ நாடகத்துல பேசுவாரு. எதிர்ல இருக்கிறவன் கொஞ்சம் வளைச்சு, கதைக்குள்ள கொண்டாந்து சேர்த்துடுவான். ஜெயிலர் வேஷம் போடறவரு ஒருத்தர், மீசைன்னு கூப்பிடுவோம், இந்த வேலையில கில்லாடி. தங்கமான மனுஷன். ஜட்ஜய்யா என்ன உளறினாலும் அதுக்கு ஒரு பதில் வெச்சிருப்பாரு. இதுல கொடுமை என்னன்னா, யாரும் யார்கிட்டயும் இதைப் பத்திப் பேசலை. ஒவ்வொருத்தனும், ஏதோ இன்னிக்கு ஒரு வரி தப்பிடுச்சு, நான் தாங்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டான். எல்லாரும் சேர்ந்து ஒரு ஆளைத் தூக்கிட்டுப் போறோம்னு ஒருத்தனுக்கும் தெரியலை. இருபது பேர் கூடிப் பேசாம செய்யற உதவி, உதவி இல்லை. அது ஆளை மூடற போர்வை.

அப்பதான் முதலாளி பழைய தூக்கு நாடகத்தை மறுபடி போடறதா நோட்டீஸ் ஒட்டினாரு. இப்ப கைதி வேஷம் ஒல்லின்னு ஒரு இளவட்டத்துக்கு. ஜட்ஜ் வேஷம் யாருக்குன்னு சொல்லணுமா?

நான் நேரா அண்ணிகிட்ட போனேன். துணி துவைக்கிற இடத்துல இருந்தாங்க. அவரு உள்ள உட்கார்ந்து சுவரைப் பார்த்துட்டிருந்தாரு.

"அண்ணி, இந்த நாடகம் மட்டும் வேணாம்."

"ஏன்?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியும். தீர்ப்புப் பேச்சுல பாதியை விட்டுட்டுக் கடைசி வார்த்தைக்குப் போயிட்டாருன்னா ஒல்லி முதுகுல கொக்கி இருக்காது. கீழே இருக்கிறவர் கண்ணை மூடிக்கிட்டு இழுப்பாரு."

அண்ணி துணியைப் பிழிஞ்சாங்க. பிழிஞ்ச துணியையே மறுபடி பிழிஞ்சாங்க.

"தம்பி, காலையில இவரு சோப்பை எடுத்து, இது எதுக்குன்னு கேட்டாரு. சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியலை. ஆனா மூஞ்சியில பவுடர் பட்டதும் முதுகு நிமிருது. என் பேரைச் சொல்லிக் கூப்பிடறாரு. மேடையில ஏறி இறங்கற வரைக்கும் மனுஷன் திரும்பி வர்றாரு. நீ அதை நிறுத்தச் சொல்றே."

"நான் உசுரைப் பத்திப் பேசறேன்."

"நானும் அதைத்தான் பேசறேன்."

துணியை உதறிக் கொடியில போட்டுட்டு, "ஒவ்வொரு வரியும் நான் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு வார்த்தை தாண்ட விடமாட்டேன். என் குரல் இருக்கிற வரைக்கும் அவரு தப்பமாட்டாரு"ன்னாங்க.

ஒத்திகை நல்லாத்தான் போச்சு. அண்ணி ஒரு வரி, அவரு ஒரு வரி. தீர்ப்பு ஒரு எழுத்து பிசகாம வந்துது. மீசை கொக்கியை மாட்டிட்டு நிதானமா நகர்ந்தாரு. மேஸ்திரி இழுத்தாரு. ஒல்லி தொங்கினான். எல்லாரும் மூச்சு விட்டோம்.

ஒல்லி மட்டும் இறங்கி வந்து என்னை ஓரமா கூப்பிட்டான். "அண்ணே, நான் பேசறப்ப அவரும் பேசறாரு."

"யாரு?"

"ஜட்ஜய்யாதான். சத்தம் வரலை. உதடு மட்டும் அசையுது. என் வசனம் முழுக்க. எனக்கு முன்னாடி போறாரு அண்ணே."

நான் திரும்பிப் பார்த்தேன். அங்கியைக் கழட்டாம, திறந்து கிடக்கிற கதவு ஓரத்துல நின்னு குழியை எட்டிப் பார்த்துட்டிருந்தாரு. அண்ணி கையைப் பிடிச்சு இழுத்தாங்க.

"வாங்க, முடிஞ்சிது."

"என் முறை எப்ப வரும்?"

"உங்க முறைதான் முடிஞ்சிதே."

"இல்லையேம்மா"ன்னாரு. "நான் இன்னும் ஏறலையே."

ஞாயித்துக்கிழமை பகல் ஆட்டம். தகரக் கூரை கொதிக்குது. கொட்டகை நெறைஞ்சிருந்துது. நான் அண்ணி நின்ன பக்கத்துல, திரைக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி மேல உட்கார்ந்திருந்தேன். அவங்க கையில புத்தகம் இருந்துது, ஆனா அதைப் பார்க்கலை. அவரையே பார்த்துட்டிருந்தாங்க.

கடைசிக் காட்சி. ஒல்லி பேசி முடிச்சான், கைதட்டல். மீசை சுருக்கை அவன் கழுத்துல மாட்டினாரு. இவரு தீர்ப்பை ஆரம்பிச்சாரு. ஒரு வரி, ரெண்டு வரி. பாதியில நின்னுடுச்சு.

அண்ணி அடுத்த வரியைச் சொன்னாங்க. அவரு காதுல வாங்கலை. மறுபடி சொன்னாங்க. அவரு ஒல்லியைப் பார்த்தாரு. தன் இடத்துல வேற யாரோ நிக்கிறான்னு பார்க்கிற பார்வை. நாற்காலியை விட்டு எழுந்து, அங்கி தரையில புரள, நேரா நடந்து வந்தாரு. வந்து ஒல்லி கழுத்துலேர்ந்து சுருக்கைக் கழட்டினாரு. பெரியவர் வர்றாருன்னு ஒல்லி ஒதுங்கி வழிவிட்டான். அவ்வளவுதான் அவனுக்குத் தோணுச்சு. இவரு கதவு மேல ஏறி நின்னு, சுருக்கைத் தன் தலை வழியா போட்டுக்கிட்டாரு.

மீசைக்கு ஒரு நிமிஷம் கூட ஆகலை. "கனம் நீதிபதி அவர்களே! குற்றவாளியின் இடத்தில் நின்று பார்க்க விரும்புகிறீர்களா?"ன்னு உரக்கக் கேட்டாரு. ஜனம் கைதட்டுச்சு. புது மாதிரி நாடகம்னு நினைச்சுட்டாங்க.

அப்புறம் அவரு பேசினாரு. "நான் ஏறி நிற்கும் இந்தப் பலகையை அறுத்தவனும்..." அந்தப் பழைய குரல். ஒருத்தரும் எடுத்துக் கொடுக்கலை, ஒரு இடத்துலயும் தடுமாறலை. அப்படி ஒரு பேச்சை நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்லை, பின்னாடியும் கேட்டதில்லை. மீசைக்குக் கண்ணுல தண்ணி வழியுது. ஒல்லி வாயைப் பிளந்துட்டு நிக்கிறான். பெல்ட் அவன் முதுகுல. கொக்கி காத்துல ஆடுது. அங்கிக்குள்ள இவருக்கு ஒண்ணும் இல்லை, எலும்புதான். அந்தக் குழி ஆள் உசரத்துக்கும் மேல ஆழம்.

பேச்சு முடிஞ்சிது. அவரு மெதுவா முகத்தைத் திருப்பி அண்ணியைப் பார்த்தாரு.

அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான். அடுத்தது என்ன?

அடுத்தது அந்த வார்த்தைதான். வேற எதுவும் மிச்சம் இல்லை.

அண்ணி வாயைப் பொத்திக்கிட்டாங்க. வாழ்க்கையில முதல் தடவையா அவரு கேட்டும் கொடுக்காம நின்னாங்க. கொட்டகையில ஒருத்தன் இருமினான். மேடையில வெறுமனே போற நேரம் நாடகக்காரனுக்கு உடம்புல நெருப்புப் பட்ட மாதிரி. யாராவது எதையாவது சொல்லியே தீரணும். மீசை நகர்ந்து கிட்டப் போறதைப் பார்த்தேன். ஜட்ஜய்யா காலைப் பார்க்கலை, அவரு எங்க நிக்கிறாருன்னு பார்க்கலை. வார்த்தைக்குத் தவிக்கிற முகத்தை மட்டும் பார்த்தாரு. மீசை கெட்டவன் இல்லை. குனிஞ்சு, அவர் காதுல, அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தாரு.

ஜட்ஜய்யா முகம் தெளிஞ்சுது. மூச்சை இழுத்தாரு. நெஞ்சு விரிஞ்சுது.

"நிறை..."

"மாமா! உங்க செருப்பை நாய் தூக்கிட்டு ஓடுது!"

அண்ணி கத்தின கத்துல என் கையில இருந்த டம்ளர் விழுந்துது. கடைசி வரிசை வரைக்கும் போன சத்தம். அவர் கை தானா தலைக்குப் போச்சு. தொப்பியைப் பிடுங்கற மாதிரி சுருக்கைப் பிடுங்கி வீசினாரு. "அடப்பாவி, புதுச் செருப்பு!" ஒரே பாய்ச்சல். அங்கியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எங்க பக்கம் ஓடி வந்து அண்ணி மேல விழுந்தாரு.

கொட்டகை வெடிச்சு சிரிச்சுது. சிரிச்சிட்டிருக்கிறப்பவே, அடியில பாதி வார்த்தையைக் கேட்டிருந்த மேஸ்திரி இழுத்துட்டாரு. கதவு தடால்னு திறந்துது. குழியும், அது மேல ஆடற சுருக்கும் தவிர அங்க ஒண்ணும் இல்லை. சிரிப்பு அப்படியே நின்னுது. அந்த ஜனத்துக்கு என்ன புரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது. ஒருத்தரும் கை தட்டலை.

அடுத்த ஆட்டத்துக்குள்ள கீழே பல்பு வந்துடுச்சு. யாரும் மறுபடி கேக்கலை, முதலாளியே மாட்டினாரு. ஜட்ஜய்யாவை யாரும் போகச் சொல்லலை. அண்ணியே கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் அவர் மேடை வீடுதான். சாப்பிட வைக்க ஒரு நாடகத்து விருந்து வசனம், குளிக்க வைக்க இன்னொரு நாடகத்து மழைக் காட்சி. அண்ணி வரியைச் சொன்னா அவர் உடம்பு கேக்கும். கொஞ்ச நாள் போனதும் விருந்து நாடகம் போச்சு. அப்புறம் மழை போச்சு. ஒவ்வொண்ணா விளக்கு அணைஞ்சுட்டே வந்துது. ஒரு தடவை நான் போனப்ப அண்ணி செருப்பு வரியைச் சொல்லிப் பார்த்தாங்க. அவரு குனிஞ்சு தன் காலைப் பார்த்தாரு. செருப்பு கால்லயே இருந்துது. நிமிர்ந்து எங்களைப் பார்த்தாரு. அவ்வளவுதான்.

தூக்கு நாடகம் மட்டும் போகலை.

போன மாசம் போயிருந்தேன். மத்தியானம். துணி துவைக்கிற இடத்துல ஈரம் படாம நிக்க ஒரு பலகை போட்டிருக்காங்க. அவரு அது மேல ஏறி நின்னு, கழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சுக்கிட்டு, அந்தப் பேச்சை ஆரம்பத்துலேர்ந்து பேசினாரு. குரல் உடைஞ்சிருக்கு, வரி உடையலை. முடிச்சிட்டு, முகத்தைத் திருப்பி அண்ணியைப் பார்த்தாரு. காத்திருந்தாரு.

அண்ணி பருப்புல கல் பொறுக்கிக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. என்னால அந்தப் பார்வையைத் தாங்க முடியலை. "பாவம், தவிக்கிறாரே அண்ணி. இங்க குழியா இருக்கு? ஒரு வார்த்தை சொன்னா இறங்கிடுவாரு"ன்னேன்.

"வேணாம் தம்பி"ன்னாங்க, தலை நிமிராம. "அதுக்கு அப்புறம் எடுத்துக் கொடுக்க என்கிட்ட எதுவும் இல்லை."

நான் கிளம்பற வரைக்கும் அவரு பலகை மேலேயே நின்னாரு.